கோபுரத்தில் விழுந்த பாடு

நெதர்லாந்தில் நான் குடியிருக்கும் சிறுநகரத்தில் சனிக்கிழமை காலை ரொட்டிக்கடைக்குப் போனால் வரிசை என்று ஒன்று இருக்காது. ஆட்கள் இங்கொருவரும் அங்கொருவருமாக, ஏதோ சும்மா வந்தவர்கள் போல நின்றுகொண்டிருப்பார்கள். கடைக்காரப் பெண் ஒருவருக்குப் பொட்டலம் கட்டி முடித்ததும் தலையை நிமிர்த்திப் பொதுவாக ஒரு கேள்வி கேட்பார். "வீ இஸ் ஆன் டெ பேர்ட்?" யாருடைய முறை என்று அர்த்தம். யாருடைய முறையோ அவரே "இக்" என்று சொல்ல வேண்டும். நான் என்பதற்கு அவர்கள் மொழியில் அவ்வளவுதான் சொல். கேட்பதற்கு விக்கல் எடுத்த மாதிரி இருக்கும்.

வந்த புதிதில் எனக்கு அந்த விக்கல் வரவே இல்லை. என்னைப் பார்த்து யாராவது "நீ வாம்மா" என்பார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் என்னை ஏமாற்றவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கேள்வி கேட்கப்பட்டது, நான் வாயைத் திறக்கவில்லை, ஆகவே எனக்கு ரொட்டி வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் கடைக்காரப் பெண் என்னிடம் வந்து, "வழி தவறி வந்துவிட்டீர்களா?" என்று அக்கறையாக விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினேன்.

என் முறையை நானே சொல்லலாம் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில். எங்கள் ஏரியில் யார் எங்கே, என்றைக்கு வலை போடலாம் என்பதற்குப் பாடு என்று பெயர். தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை, முறை மட்டும்தான் சொந்தம். கோயில் முன்னால் ஊர் கூடி, சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். ஊர்ப் பெரியவர் சீட்டைப் பிரித்து, ஏரிக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி கூவுவார். "ஏழுமலை தலைக்கட்டூ... வடக்குப் பாடூ!" ஏழுமலை என் அப்பா. நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பெயரைக் கூவியதும் கூட்டத்திலிருந்து அவர் "ஆங்" என்பார். அந்த ஒரு "ஆங்" வந்துவிட்டால் அன்றைய வடக்குப் பக்கத்துத் தண்ணீரில் வேறு எவனும் கால் வைக்க முடியாது. கூப்பிடுவதற்கு முன்னால் எவனாவது "நான்" என்று முந்திக்கொண்டு எழுந்தால், அவன் மானம் கப்பலேறிவிடும்.

தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். பாடு அவனுக்குத்தான். என் பெற்றோருக்கு நான் ஒரே பெண். நைனாவின் காலத்துக்குப் பிறகு எங்கள் வீட்டின் பெயரில் ஒரு சீட்டும் குலுக்கலில் விழாது. சின்ன வயதில், சீட்டு எடுக்கிற இடத்துக்குத் தள்ளி, காயப்போட்ட வலைகளுக்குப் பின்னால் பெண்களோடு நின்றுகொண்டு, "எனுக்கு எப்போ பாடு?" என்று அம்மாவிடம் கேட்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "பொம்பளைக்குப் பாடு ஏரியில இல்லடி. ஊட்ல கீது, கொள்ள கொள்ளக் கீது. வா, வந்து நண்ட அலசு" என்றாள். அம்மாவுக்கு நாக்கு அப்படி. ஏரியில் கிடைக்கிற பாட்டையும் வீட்டில் படுகிற பாட்டையும் ஒரே சொல்லில் கட்டி என் தலையில் போட்டாள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஏரியில் இடமில்லை என்றதும் நான் கல்லைப் பிடித்துக்கொண்டேன். மீஞ்சூரில் சித்தப்பா வீட்டில் தங்கி, ஆலைக்குப் போகிறவர்களோடு ரயிலில் தொங்கிக்கொண்டு சென்னையில் கட்டடக்கலை படித்தேன். உடன் படித்தவர்கள் கண்ணாடிக் கட்டடங்கள் வரைந்தபோது, நான் காட்டூர்ப் பக்கம் வயலுக்கு நடுவில் கிடந்த சோழர் காலத்துச் சின்னக் கோயில் ஒன்றை ஒவ்வொரு கல்லாக அளந்துகொண்டிருந்தேன். யாரோ ஒரு புண்ணியவான் திருப்பணி என்ற பெயரில் அதற்குச் சிமெண்ட் பூசி, கருவறைச் சுவருக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார். சிமெண்டுக்குப் பின்னால் கல் வியர்த்துப் பொரிந்துகொண்டிருந்தது. அதைக் கையால் தொட்டுப் பார்த்தபோது எனக்கு வந்தது பக்தியில்லை, கோபம். என் தொழில் அந்தக் கோபத்தில்தான் தொடங்கியது. இடைக்காலக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பதில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து இந்த நாட்டுக்கு வந்தேன். படிப்பு முடிந்ததும் இங்கேயே ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை.

கட்டடக்கலைஞர் என்றதும் ஊரில் இருப்பவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு கையை நீட்டிக் காட்டுகிற ஆளைக் கற்பனை செய்கிறார்கள். நான் பல வருடங்கள் புறா எச்சத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். விரிசலைப் படமாக வரைவேன். உளுத்த உத்தரத்தை ஊசியால் குத்திப் பார்ப்பேன். குளிரில் விரல் மரத்துப்போய்ப் பென்சில் கீழே விழும். வரைபடம் என்னுடையது, அடியில் இருக்கும் கையெழுத்து மட்டும் வேறொருவருடையது. அதெல்லாம் எந்த வேலையிலும் உள்ளதுதான் என்று இருந்தேன், அந்தக் கோபுரம் வரும்வரைக்கும்.

அது பக்கத்து ஊர்த் தேவாலயத்தின் செங்கல் கோபுரம். ஒரு காலத்தில் அந்த ஊர் மீனவர் ஊர். கோபுரத்தைக் கட்டியதும் அவர்கள்தான். கடலில் இருந்தபடி கோபுரத்தை ஓர் அடையாளமாக வைத்துத்தான் இடம் கண்டுபிடித்திருக்கிறார்கள், எங்கள் ஆட்கள் கலங்கரை விளக்கத்தை வைத்துக் கண்டுபிடிப்பது போலவே. பிற்பாடு இந்த நாட்டுக்காரர்கள் கடலுக்குக் குறுக்கே அணை கட்டி, தண்ணீரை இறைத்து வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தை போல்டர் என்கிறார்கள். இப்போது கோபுரத்தைச் சுற்றி உருளைக்கிழங்கு விளைகிறது. மீன் இல்லாத மீனவர் ஊரில் கோபுரம் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பெரிய பெரிய செங்கற்கள். காயப்போட்டபோது நாய் மிதித்துவிட்டுப் போன தடம்கூடச் சிலவற்றில் இருக்கிறது. சாந்தைச் சுரண்டினால் வெள்ளை வெள்ளையாகக் கிளிஞ்சல் துண்டு வரும். கிளிஞ்சலை எங்கள் ஏரியிலும் அள்ளிச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். முதல்முறை அந்தத் துண்டு நகத்தில் மாட்டியபோது, யாரும் இல்லாத படிக்கட்டில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கு இங்கே அறிமுகம் செய்துவைக்க யாரும் தேவைப்படவில்லை.

இரண்டு குளிர்காலம் அந்தக் கோபுரத்தை அளந்தேன். அதன் எந்த மூலையில் ஈரம் இறங்குகிறது, எந்தப் படியில் கால் வைக்கக்கூடாது என்பது என் உடம்புக்கே தெரியும். பழுதுபார்க்கும் வேலைக்கு நாள் குறித்தார்கள். திங்கட்கிழமை சாரம் கட்ட ஆட்கள் வருவார்கள். வேலைக்குத் தலைவர் யார் என்பது மட்டும்தான் மிச்சம். தலைவர் என்றால் எந்தச் செங்கல் இருக்கும், எந்தச் செங்கல் போகும் என்று சொல்கிற ஆள். அடியில் கையெழுத்துப் போடுகிற ஆள். அது நான்தான் என்று நினைத்துக்கொண்டு, வழக்கம்போல யாராவது என் பெயரைக் கூவுவார்கள் என்று காத்திருந்தேன்.

என் முதலாளி பெயர் யோஸ்ட். நல்ல மனிதர். அவரை யோஸ்ட் என்றே கூப்பிட வேண்டும், சார் என்றால் வருத்தப்படுவார். சாரம் கட்டுவதற்கு முந்தின வாரத் தொடக்கத்தில் முகம் பூரிக்க என் மேசைக்கு வந்தார். "உனக்கு ஒரு பரிசு" என்றார். ஓர் அறக்கட்டளை பழவேற்காட்டில் இருக்கும் டச்சுக் கல்லறைகளைச் சீர்செய்யப் பணம் ஒதுக்கியிருக்கிறதாம், அதற்கு என்னையே தலைவராகச் சொல்லிவிட்டாராம். "நீ ஊருக்குப் போகலாம்! கோபுரத்தை பீட்டர் பார்த்துக்கொள்வான்." பீட்டர் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர். கோபுரத்துக்குள் இரண்டு முறை வந்திருக்கிறார், இரண்டு முறையும் தலையில் இடித்துக்கொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதே. மரியாதையாக, "பார்க்கலாம்" என்றேன். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு "பாக்கலாங்க" என்று எழுந்தால், மறுநாள் அவர்களுக்காக யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படி மறுப்பது? யோஸ்ட் அதை ஆவல் என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை அலுவலகத்தில் எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "தாய்மண்ணுக்குத் திரும்புகிறாய்!" என்று ஒருத்தி கண் கலங்கினாள். பீட்டர் என்னிடம் வந்து, பழவேற்காட்டில் கொசு அதிகமா என்று கேட்டார், எனக்காகக் கவலைப்பட்டு.

அந்தக் கல்லறைகளை எனக்குத் தெரியும். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல் உண்டு. அதைத் தாண்டி நடக்கும்போது சின்னப்பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்வோம். அங்கே படுத்திருப்பவர்கள் எங்கள் கரையில் கோட்டை கட்டியவர்கள். எங்கள் கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி விற்றவர்களும் அவர்களில் உண்டு. வேலைப்பாடு அருமை, அதை நான் மறுக்கவில்லை, அவற்றைக் காக்கவும்தான் வேண்டும். ஆனால் நான் படித்தது இடைக்காலம். அந்தக் கல்லறைகள் பிற்காலம். இந்த நாட்டில் ஒரு டச்சுக்காரரைப் பார்த்து, "உன் தொழில் கிடக்கட்டும், நீ எந்த ஊரில் பிறந்தாயோ அந்த ஊர்ச் சுவருக்குப் போ" என்று யாராவது சொல்வார்களா? எனக்குச் சொன்னார்கள், பரிசு என்று பெயர் வைத்து.

நைனாவுக்கு போன் செய்தேன். அறக்கட்டளைக்காரர்கள் மூலமாக அவர் காதுக்கு விஷயம் ஏற்கெனவே போயிருந்தது. பசியாவரத்தில் இருக்கும் அத்தை வீடுவரைக்கும் சொல்லியாகிவிட்டது.

"இன்னா கண்ணு, ஊருக்கு வர்றியாமே! ஆபீசரா வர்றன்னு சொல்லிகினு கீறாங்க."

"வரல நைனா. எனுக்கு அந்த வேலை வேணாம்."

"இன்னாது? ஊருக்கு வர்றத வேணான்றியா?"

"தொரைங்க கல்லறையக் கழுவி வுடத்தான் நான் இம்மாந்தூரம் வந்து படிச்சனா? இங்க ஒரு கோபுரம் கீது. ரெண்டு வருசமா அத்த நான்தான் அளந்தேன். அது என்னுது."

"அது அவங்க ஊரு கோயிலு. அது எப்டி உன்னுது ஆவும்? வெளியூர்க்காரி நீ."

"அங்க வந்தா மட்டும்? குப்பத்துல எனுக்குப் பாடு குடுத்துடுவாங்களா?"

"இப்ப அத்த ஏன் இழுக்கற?" என்றார் நைனா.

"சொல்லு நைனா. உனுக்குப் பாடு வுழுந்த அன்னிக்கு என்னிக்காவது நீ வலை எடுக்காம குந்தினு இருந்துருக்கியா?"

"ஜொரமா இருந்தாலும் போவேன். நம்ம பாட்ட நாம வுட்டா அது போனது போனதுதான்."

"அப்ப என்னை மட்டும் ஏன் வுட்டுட்டு வரச் சொல்ற?"

போனை வைத்துவிட்டார். கோபம் வந்தால் எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான், நானும்தான்.

வியாழக்கிழமை தேவாலயத்தின் பின்னறையில் கடைசிக் கூட்டம். யோஸ்ட், பீட்டர், நான், தேவாலயக் குழுவைச் சேர்ந்தவர்கள். குழுவுக்குத் தலைவி டினெக்க என்ற வயதான அம்மையார். காபி கொண்டுவருவது, பிஸ்கட்டை ஆளுக்கு ஒன்று என்று கண்டிப்பாகக் கொடுத்து டப்பாவை மூடுவது, கூட்டத்தை நடத்துவது எல்லாம் அவரே. யோஸ்ட் எழுந்து, பீட்டர்தான் இனி கோபுரத்துக்குப் பொறுப்பு என்றும், நான் சொந்த ஊர் திரும்புவதில் எல்லாருக்கும் மகிழ்ச்சி என்றும் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வலைகளுக்குப் பின்னால் நின்றபோது கேட்ட அதே சிரிப்பு இல்லை இது, அன்பான சிரிப்பு. ஆனாலும் நான் நின்ற இடம் அதேதான்.

டினெக்க காபிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றிப் பார்த்தார். "வீ இஸ் ஆன் டெ பேர்ட்?"

"இக்" என்றேன்.

அவர் காபிக்குக் கேட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நான் கோபுரத்துக்குப் பதில் சொன்னேன். எழுந்து நின்று சொன்னேன். அறையில் அவ்வளவு சத்தமாக யாரும் காபி கேட்டிருக்க மாட்டார்கள்.

"இந்தக் கோபுரம் என் முறை" என்றேன். "பழவேற்காட்டுக்குப் போக எனக்குச் சம்மதமில்லை. நான் 'பார்க்கலாம்' என்று சொன்னதற்கு அதுதான் அர்த்தம். உங்களுக்குப் புரியவில்லை என்பதால் இப்போது புரிகிற மாதிரி சொல்கிறேன். வேண்டாம்."

யோஸ்ட் உண்மையிலேயே திகைத்துப்போனார். "ஆனால் அது உன்னுடைய மரபுச் செல்வம் அல்லவா?"

"இல்லை, அங்கே புதைந்திருப்பவர்கள் உங்கள் ஆட்கள். நீங்கள் போய்ப் பாருங்கள். நல்ல நண்டு எங்கே கிடைக்கும் என்று நான் சொல்லித் தருகிறேன்."

"நீ கோபமாக இருக்கிறாய்."

"ஆமாம்" என்றேன். இந்த நாட்டில் எனக்குப் பிடித்த விஷயம் இது. ஆமாம் என்று சொன்னால் ஆமாம் என்றே எடுத்துக்கொள்வார்கள். "உங்கள் ஆட்கள் என் ஏரிக்கு வந்தபோது யார் சீட்டும் விழவில்லை, யாரும் பெயரைக் கூவவில்லை. அவர்களாக வந்து உட்கார்ந்தார்கள். நான் அப்படி வரவில்லை. படித்து, பரீட்சை எழுதி, புறா எச்சத்தில் முட்டி போட்டு, காத்திருந்து வந்திருக்கிறேன். இனிமேல் காத்திருக்க மாட்டேன்."

சீட்டு, பெயர் கூவுவது என்றதெல்லாம் யாருக்கும் விளங்கியிருக்காது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பீட்டர் தன் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். டினெக்க குடுவையைத் தூக்கியபடியே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பால் வேண்டுமா?" என்றார்.

வேண்டும் என்றேன். ஊற்றினார். பிறகு டப்பாவைத் திறந்து எனக்கு இரண்டாவது பிஸ்கட் கொடுத்துவிட்டு, யோஸ்ட்டைப் பார்த்து, "இந்தப் பெண்ணுக்குத்தான் எங்கள் படிகள் தெரியும்" என்றார்.

அன்றே எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். முடியவில்லை. யோஸ்ட் முதலில் பீட்டரும் நானும் சேர்ந்து பொறுப்பேற்கலாம் என்றார். முடியாது என்றேன். உன் டச்சு இன்னும் சரளமாகவில்லையே என்றார். செங்கல்லுக்கு என் டச்சு போதும் என்றேன். வேலை போய்விடும் என்று இங்கே இருக்கும் தமிழ் நண்பர்கள் பயமுறுத்தினார்கள். ஆசைப்பட்டு வந்த நாட்டில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதுதானே என்றார் ஒருவர். அவரைப் போன்றவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். கொடுத்ததை வாங்கிக்கொண்டு இருக்க நமக்குக் கடல் தாண்டத் தேவையில்லை, அதற்கு ஊரிலேயே நிறைய வசதி இருக்கிறது. ஞாயிறு மாலை யோஸ்ட்டிடமிருந்து ஒரு வரியில் செய்தி வந்தது. நாளைக் காலை சாரம் கட்டுகிறவர்களை நீயே வரவேற்றுவிடு என்று. மன்னிப்பும் இல்லை, வாழ்த்தும் இல்லை. எனக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

கல்லறைகளுக்கு பீட்டர் போனார். அவருக்குத் தங்க இடம் தேடியபோது நானே நைனாவின் எண்ணைக் கொடுத்தேன். நைனா அதுவரை என்னோடு சரியாகப் பேசவில்லை. இருந்தாலும் வந்த விருந்தாளியை விட முடியுமா? அம்மா பீட்டருக்கு நண்டு வறுத்துப் போட்டிருக்கிறாள். நைனா ஏரியைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். குப்பத்துக்கு வந்த அன்றைக்கே எல்லாரும் அவரைப் படகில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை. அந்தப் படகில் ஏற நான் சின்ன வயதில் எவ்வளவு அழுதிருக்கிறேன்.

போன வாரம் சாரத்தின் உச்சிக்கு ஏறி நின்றிருந்தேன். சாய்ந்த பக்கத்தில் எந்தச் செங்கற்களை எடுக்க வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வீடியோவில் நைனா. படகில் இருந்தார். அவருக்குப் பின்னால் பீட்டர், முகம் இறால் நிறத்தில் சிவந்து, என்னைப் பார்த்துக் கை ஆட்டினார். அங்கே வெயில் உச்சியில், இங்கே இன்னும் பனி விலகவில்லை.

"எங்க கீற? எம்மாம் ஒசரம் அது!" என்றார் நைனா.

"கோபுரத்து மேல. இரு, காட்றேன்." போனைத் திருப்பிச் சுற்றிலும் காட்டினேன்.

"தண்ணி எங்க? மீன்காரன் ஊருன்னு சொன்ன?"

"தண்ணிய இறைச்சு வெளிய தள்ளிட்டாங்க நைனா."

"அடப் பாவிங்களா" என்றார். பிறகு நான் குறி போட்ட செங்கற்களை உற்றுப் பார்த்தார். "இத்த எடு, அத்த வுடுன்னு நீதான் சொல்றியா?"

"நான்தான்."

"யாரு குடுத்தா உனுக்கு?"

"யாரும் குடுக்கல. நானே கேட்டு எடுத்துகினேன்."

அவர் என்னையே பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் முந்திக்கொண்டு எழுந்தவனுக்கு என்ன மரியாதை என்று எனக்குத் தெரியாதா? போனை பீட்டர் கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆடுகிற படகில் எழுந்து நின்றார். ஏரிக்கு அந்தப் பக்கம் வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கிற மாதிரி, ஊர்ப் பெரியவர் கூவுகிற அதே ராகத்தில் கூவினார்.

"கலைவாணி தலைக்கட்டூ... கோபுரப் பாடூ!"

என் பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்த்து இதுவரை யாரும் சொன்னதில்லை. பெயரைக் கூவினால் பதில் சொல்ல வேண்டும். "ஆங்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"இக்" என்றேன்.

"விக்குதா கண்ணு?" என்று குனிந்து போனுக்குள் பார்த்தார் நைனா. "தண்ணி குடி."